ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும்?

சூலூரில் மாலை வேளையில் திருச்சி சாலையைக் கடக்கக் காத்திருக்கும் எவருக்கும் அந்த ஒலி பழக்கமானது. பேருந்துகளும் நூல் மூட்டை ஏற்றிய வாகனங்களும் ஓரம் ஒதுங்க, 108 ஊர்தி ஒன்று கோவையை நோக்கி விரையும். வழிவிட்டவர்கள், உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு தத்தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். எனக்கோ, நெடுங்காலம் பொருளாதாரம் கற்பித்த பழக்கத்தால், இன்னொரு நினைப்பும் உடன் வரும். இந்த ஊர்தி கோவைக்குப் போய்த் திரும்பும் வரையில் கலங்கலிலோ செலக்கரிச்சலிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், அவருக்கு எந்த ஊர்தி வரும்?

ஹைதராபாதில் 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய 108 சேவை, தமிழகத்துக்கு வந்தது 2008 செப்டம்பர் 15 அன்று. இன்று மாநிலம் முழுவதும் 1,300-க்கும் மேற்பட்ட ஊர்திகள் இயங்குகின்றன. சாலை விபத்திலிருந்து பிரசவம் வரை, கையில் காசில்லாதவரும் கூச்சமின்றி அழைக்கும் எண்ணாக அது வேரூன்றிவிட்டது. இந்தச் சேவை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சட்டப்பேரவையிலும் சரி, கிராம சபையிலும் சரி, கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஊர்திகள்? தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோலும் எண்ணிக்கையையே பேசுகிறது. ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் அடிப்படை வசதி ஊர்தி, ஐந்து லட்சம் மக்களுக்கு ஓர் உயர்நிலை வசதி ஊர்தி என்பது அதன் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 34.58 லட்சம் பேர் வாழ்ந்த கோவை மாவட்டத்துக்கு இதன்படி 35 அடிப்படை ஊர்திகளும் 7 உயர்நிலை ஊர்திகளும் வேண்டும். சரி, அவற்றை வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். காந்திபுரத்துக்கு எத்தனை, சுல்தான்பேட்டைக்கு எத்தனை, வால்பாறைக்கு எத்தனை? அதற்கு அந்த அளவுகோலில் பதில் இல்லை.

எண்ணிக்கை மாறாமல் இடத்தை மட்டும் மாற்றினாலே காத்திருக்கும் நேரம் வெகுவாக மாறும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆலையை எங்கே அமைத்தால் போக்குவரத்துச் செலவு குறையும் என்று ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் வெபர் 1909-இல் நூலெழுதினார். அதே கேள்வியை ஹகிமி என்ற அறிஞர் 1964-இல் சாலை வலைப்பின்னலுக்குப் பொருத்தி, மொத்தத் தொலைவைக் குறைக்கும் இடம் வேறு, மிகத் தொலைவில் இருப்பவரின் தூரத்தைக் குறைக்கும் இடம் வேறு என்று பிரித்துக் காட்டினார். 1974-இல் சர்ச், ரெவெல் ஆகிய இருவர், கையில் உள்ள ஊர்திகளைக் கொண்டு குறித்த நேரத்துக்குள் அதிகம் பேரை எட்டுவது எப்படி என்பதற்குக் கணித வழி வகுத்தனர். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 1984-இல் இத்தகைய கணக்கைக் கொண்டு தன் ஊர்தி நிலையங்களைத் திட்டமிட்டபோது, கட்டுமானத்தில் 34 லட்சம் டாலரும் நடைமுறைச் செலவில் ஆண்டுக்கு 12 லட்சம் டாலரும் மிச்சமாயின. நம் நாட்டிலும் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் நிதின் படேல், கிராமப்புறச் சேவை மையங்களை எங்கே அமைப்பது என்பது குறித்து 1979-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஆக, கணக்குப் போடத் தெரியாதது நம் சிக்கல் அன்று. எந்தக் கணக்கைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

வகுப்பறையில் இதை விளக்க நான் கரும்பலகையில் ஒரு நேர்கோடு வரைவது வழக்கம். 30 கி.மீ. நீளமுள்ள சாலை அது. ஒரு முனையில் சிறுநகரம். மாதத்துக்கு 60 அழைப்புகள். அங்கிருந்து 10 கி.மீ. தள்ளி ஒரு பெரிய கிராமம்; 25 அழைப்புகள். மறுமுனையில் ஒரு சிற்றூர், 15 அழைப்புகள். உங்களிடம் இருப்பது ஒரே ஊர்தி. எங்கே நிறுத்துவீர்கள்?

சிறுநகரத்தில் நிறுத்தினால், ஓர் அழைப்புக்கு ஊர்தி ஓட வேண்டிய சராசரித் தொலைவு 7 கி.மீ. நம் ஊர்ச் சாலைகளில் மணிக்கு 40 கி.மீ. வேகம் என்று கொண்டால், பத்தரை நிமிடம். இதைவிடக் குறைந்த சராசரியை வேறெந்த இடமும் தராது. ஆனால், கடைக்கோடிச் சிற்றூர்க்காரர் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். சாலையின் நட்டநடுவில் நிறுத்தினால் எவரும் 15 கி.மீ.க்கு அப்பால் இருக்க மாட்டார்கள். ஆயினும் அங்கே ஊர் இல்லை, சராசரியும் 12.5 கி.மீ. ஆகிவிடும். இடையில் உள்ள பெரிய கிராமத்தில் நிறுத்தினால் சராசரி 9 கி.மீ.; அதாவது பதின்மூன்றரை நிமிடம். கடைக்கோடி ஊருக்கு 30 நிமிடம். சராசரியில் 3 நிமிடம் கூடுகிறது. கடைசி மனிதருக்கு 15 நிமிடம் குறைகிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் முகம் மலரும், விடை கிடைத்துவிட்டது என்று. அப்படி எளிதாக முடிவதில்லை. அந்த 3 நிமிடம் எல்லோருக்கும் சமமாகப் பிரிவதன்று. சிறுநகரத்தின் 60 பேரும் முன்னைவிட 15 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். மற்ற 40 பேருக்கு 15 நிமிடம் குறைகிறது. இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது என்பது மருத்துவம் சொல்லும் கணக்கு. அப்படியிருக்க, 60 பேரைக் காக்க வைத்து 40 பேருக்கு உதவுவதை எந்த நியாயத்தால் ஏற்பது?

ஓர் ஆண்டு இக்கேள்விக்கு, வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி பதில் சொன்னார். தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர். "கிராமத்தில்தான் நிறுத்த வேண்டும், ஐயா. டவுனில் இருப்பவர்களுக்கு வேறு வண்டி கிடைக்கும். எங்கள் அப்பாவைப் பால் வண்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் விடியற்காலை பால் எடுக்க வண்டி வந்த பிறகுதான்." அவர் தந்தை பிழைத்தாரா என்று கேட்கும் துணிவு எனக்கு அன்று இல்லை. ஆனால் பொருளாதாரத்தின் ஒரு மூலப் பாடத்தை அவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். ஒரு சேவையின் மதிப்பை, அது இல்லாவிட்டால் என்ன கதி என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். சிறுநகரத்தில் வாடகைக் கார் உண்டு, ஆட்டோ உண்டு, தனியார் மருத்துவமனையின் ஊர்தி உண்டு; பக்கத்து வீட்டுக்காரரிடமும் கார் இருக்கக்கூடும். அங்கே அரசு ஊர்தியின் 15 நிமிடத் தாமதமும், மாற்று வழியே இல்லாத ஊரின் 15 நிமிடத் தாமதமும் கடிகாரத்தில் ஒன்றுதான். உயிரைப் பொறுத்தவரை ஒன்றல்ல.

கரும்பலகைக் கோட்டை விட்டு மெய்யான நிலப்பரப்புக்கு வருவோம். சூலூர் வட்டத்தின் வடக்கே அவிநாசி சாலை. நீலாம்பூர், கணியூர், கருமத்தம்பட்டி வழியாகச் சேலத்தை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. நடுவே திருச்சி சாலை. இவ்விரண்டை ஒட்டியே ஆலைகளும் கல்லூரிகளும் வாகன நெரிசலும் விபத்துகளும். தெற்கே போகப் போகக் காட்சி மாறுகிறது. வதம்பச்சேரி, சுல்தான்பேட்டை, செஞ்சேரிமலை என்று தென்னையும் கோழிப்பண்ணைகளும் தோட்டத்து வீடுகளும் சிதறிக் கிடக்கும் நாடு. கொங்கு நாட்டின் தோட்டத்துச் சாளைக்கு முகவரி சொல்வதே ஒரு கலை. "வேப்பமரம் தாண்டி இரண்டாவது இட்டேரியில் திரும்புங்கள்" என்று பதற்றத்தில் சொல்பவரின் சொல்லைச் சென்னையில் இருக்கும் அழைப்பு மையத்துப் பணியாளர் புரிந்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் ஊர்தி நிற்கும் புள்ளியைச் சுற்றி 10 கி.மீ. வட்டம் வரைவது எளிது. நடுவே தடுப்புச் சுவர் உள்ள நெடுஞ்சாலையில், எதிர்ப்புறம் கண்ணெதிரே கிடக்கும் காயம்பட்டவரை அடையத் திரும்பும் இடம் தேடிச் சுற்றிவர வேண்டும் என்பது அந்த வட்டத்துக்குத் தெரியாது. மூடிய ரயில்வே கேட்டும் தெரியாது.

வட்டம் மறைக்கும் இன்னொரு உண்மை இன்னும் பெரியது. ஊர்தி அந்த இடத்தில் இருக்கும்போது மட்டுமே அந்த வட்டத்துக்குப் பொருள் உண்டு. ஓர் ஊர்திக்கு நாளொன்றுக்கு 6 அழைப்புகள் என்று கொள்வோம். புறப்பட்டு, நோயாளியை ஏற்றி, கோவை அரசு மருத்துவமனையில் சேர்த்து, ஊர்தியைத் துப்புரவு செய்து திரும்ப 2 மணி நேரம் ஆகுமானால், நாளில் 12 மணி நேரம் அது தன் இடத்தில் இருப்பதில்லை. வரைபடத்தில் "சேவை உள்ள பகுதி" என்று பச்சை வண்ணம் தீட்டிய நிலம் பாதி நேரம் வெறும் வண்ணம்தான். அமெரிக்க அறிஞர் மார்க் டாஸ்கின் 1983-இல் இதைத்தான் கணக்கில் சேர்த்தார்: ஊர்தி வேறு பணியில் இருக்கும் வாய்ப்பையும் கழித்த பிறகு எஞ்சுவதே உண்மையான சேவை என்று.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. சூலூரிலிருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 20 கி.மீ. சூலூரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. எலும்பு முறிவையும் சிக்கலான பிரசவத்தையும் இரவிலும் ஏற்கும் அளவுக்கு இத்தகைய வட்ட மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மயக்கவியல் வசதியும் ரத்தமும் இருக்குமானால், பல பயணங்கள் 20 கி.மீ. முன்னதாகவே முடியும். 2 மணி நேரப் பயணம் ஒரு மணி நேரமாகக் குறைந்தால், ஊர்தி இடத்தில் இல்லாத நேரம் நாளில் பாதியிலிருந்து கால் பங்காகச் சுருங்கும். புதிதாக ஓர் ஊர்தியும் வாங்காமலேயே! அதுபோலவே பெரிய மருத்துவமனையின் வாயிலில் ஸ்ட்ரெச்சர் கிடைக்காமல் ஊர்தி நிற்கும் ஒவ்வொரு 15 நிமிடமும் ஏதோவொரு கிராமத்தின் 15 நிமிடம். ஊர்தியை எங்கே நிறுத்துவது என்பதைச் சுகாதாரத் துறையின் போக்குவரத்துப் பிரிவுக்குரிய கேள்வியாகவே நாம் கருதி வருகிறோம். அதில் பாதி, மருத்துவமனைகளின் கேள்வி.

தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் இத்திசையில் எடுத்து வைத்த நல்ல அடி. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில், தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம் என்றானதால், அருகில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கும் சுதந்திரம் ஊர்திக்குக் கிடைக்கிறது. பயணம் குறைகிறது, ஊர்தி விரைவில் திரும்புகிறது. திட்டத்தின் இந்தப் பக்கப் பயனைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதே மாவட்டத்தில் இருக்கும் வால்பாறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ.; ஆழியாற்றிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைத் தோட்டங்களில் இரவில் யானையும் சிறுத்தையும் உலவும் பாதைகள். சமவெளிச் சாலைச் சந்திப்பில் நிற்கும் ஊர்தியோடு ஒப்பிட்டால் அங்கே நிற்கும் ஊர்திக்கு அழைப்புகள் குறைவாகவே வரும். "ஓர் ஊர்திக்கு இத்தனை பயணம்" என்று மட்டும் கணக்குப் பார்க்கும் அதிகாரி, அதைக் கீழே இறக்கி நெடுஞ்சாலையில் நிறுத்துவதே திறமையான நிர்வாகம் என்று கோப்பில் எழுதிவிடக் கூடும். தீயணைப்பு நிலையத்தை எத்தனை தீயை அணைத்தது என்று மட்டும் பார்த்து யாரும் மூடுவதில்லை. மலையில் ஊர்தி சும்மா நிற்கும் நேரம் வீணான நேரம் அன்று; அதுதான் அந்த மக்களுக்குக் கிடைக்கும் சேவை. அங்கே வேண்டியது இரண்டாவது ஊர்தி. ஒன்று நோயாளியோடு மலையிறங்கினால் அது திரும்ப அரை நாள் ஆகும்.

தரவுகளைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் அழைப்புப் பதிவேடு என்ற தரவில் ஓர் உள்ளார்ந்த கோளாறு உண்டு. அது தேவையைப் பதிவு செய்வதில்லை. அழைத்தவரை மட்டுமே பதிவு செய்கிறது. இரண்டு முறை அழைத்து ஒரு மணி நேரம் காத்திருந்த ஊர், மூன்றாம் முறை அழைப்பதில்லை. ஊர்த் தலைவரின் காரையோ காய்கறி வண்டியையோ தேடுகிறது. பதிவேட்டில் அவ்வூரின் அழைப்புகள் குறைகின்றன. அழைப்பு குறைவு என்பதால் ஊர்தி இன்னும் தொலைவுக்கு நகர்கிறது. விசைத்தறிக் கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் எத்தனை பேர் இந்த எண்ணை அழைக்கிறார்கள்? அவர்கள் தங்கியிருக்கும் இடத்தின் பெயரைத் தமிழில் சொல்லத் தெரியாதவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு, நம்மிடம் உள்ள மக்கள்தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டினது. அதற்குப் பிறகு நீலாம்பூரும் முத்துக்கவுண்டன்புதூரும் எப்படி வளர்ந்திருக்கின்றன என்பதைப் பார்க்க ஆய்வு எதுவும் தேவையில்லை. பேருந்து சன்னல் போதும்.

அளவுகோலுக்கு மீண்டும் வருகிறேன். "சராசரியாக இத்தனை நிமிடத்தில் சென்றடைகிறோம்" என்ற ஒரே எண்ணை வெளியிடும் எந்த நிர்வாகமும், தன்னையறியாமல் ஊர்திகளை நகரத்தை நோக்கி இழுக்கும். ஏனெனில் அந்த எண் அங்கேதான் எளிதில் குறையும். இங்கிலாந்தின் அனுபவம் இதற்குச் சான்று. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 விழுக்காட்டை 8 நிமிடத்துக்குள் எட்ட வேண்டும் என்பது அங்கே நெடுங்கால இலக்கு. விளைவாக, கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே ஏதாவது ஒரு வாகனத்தை அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. எட்டாம் நிமிடத்தைத் தவறவிட்ட பிறகு, கணக்கைப் பொறுத்தவரை ஒன்பதாவது நிமிடமும் நாற்பதாவது நிமிடமும் ஒன்றுதான். 2017-இல் அந்த இலக்கைக் கைவிட்டு இரட்டை அளவுகோலுக்கு மாறினார்கள். மிக அவசரமான அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம். கூடவே, பத்தில் ஒன்பது அழைப்புகள் 15 நிமிடத்துக்குள். இரண்டாவது எண்தான் முக்கியம். வரிசையின் கடைசியில் நிற்பவரை நோக்கி நிர்வாகத்தின் கண்ணைத் திருப்புவது அதுவே.

நேரத்துக்கேற்ப ஊர்தியை நகர்த்துவதும் ஒரு வழி. ஆலைகளில் ஷிஃப்ட் முடியும் நேரத்திலும் பின்னிரவிலும் நெடுஞ்சாலையோரம்; பகலில் தெற்கத்திய ஊர்களின் பக்கம். சூலூர் ஊர்தி நோயாளியோடு புறப்பட்டவுடன் கருமத்தம்பட்டிப் பக்கத்து ஊர்தி சற்றே தெற்கே நகர்ந்து நிற்பது. கணினிக்கு இது சிறு வேலை. ஆனால் ஊர்திக்குள் இருப்பவர்கள் மனிதர்கள். 12 மணி நேரப் பணியில் இருக்கும் ஓட்டுநரையும் மருத்துவ உதவியாளரையும், அவர் பெரும்பாலும் இளம்பெண், கழிப்பறையோ நிழலோ இல்லாத சாலைச் சந்திப்பில் நிற்கச் சொல்வதற்கு முன், அங்கே ஓர் அறையையாவது கட்டித்தர வேண்டும். ஊராட்சி அலுவலகமோ கூட்டுறவுச் சங்கக் கட்டடமோ இதற்கு ஓர் அறை ஒதுக்கினால் செலவு சொற்பம். பிரசவ அழைப்புகளில் ஒரு பகுதியையேனும் முன்கூட்டியே அறியலாம். பிரசவத் தேதி கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டுக்கும் ஊர்தியின் நிறுத்துமிடத்துக்கும் தொடர்பு ஏற்படுத்த யாரும் தடை சொல்லப்போவதில்லை.

புதிய ஊர்திக்குக் கொடியசைத்துத் தொடங்கி வைக்கும் விழா நம் ஊரில் சிறப்பாகவே நடக்கிறது, நானும் கைதட்டியிருக்கிறேன். அதோடு ஒவ்வொரு மாதமும் மாவட்ட நிர்வாகம் மூன்று எண்களை ஊராட்சி வாரியாக வெளியிட்டால் நன்று. பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்தில் ஊர்தி வந்தது? மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு? அருகிலுள்ள ஊர்தி வேறு பணியில் இருந்ததால் தொலைவிலிருந்து அனுப்பப்பட்டது எத்தனை முறை? இவை மூன்றும் கணினியில் ஏற்கெனவே பதிவாகும் விவரங்களிலிருந்தே கிடைக்கக் கூடியவை. நோயாளியின் பெயரோ நோயோ தேவையில்லை.

தமிழகத்தில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, சாலை என்று வரவு செலவு படிக்கும்போது, சுல்தான்பேட்டை ஒன்றியத்தின் ஏதேனும் ஓர் ஊரில் ஒருவர் எழுந்து, எங்கள் ஊருக்கு ஊர்தி வேண்டும் என்பதற்கு முன்பாக, கடந்த மூன்று மாதங்களில் எங்கள் ஊருக்கு ஊர்தி எத்தனை நிமிடத்தில் வந்தது என்று கேட்டால் போதும். செயலரிடம் அன்று அதற்குப் பதில் இருக்காது. கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.